சைக்கிள் ஓடிய தூரம்: சக்கரத்து மீட்டரா, ஜி.பி.எஸ்.ஸா?

பருப்பு, எண்ணெய் விலை நிலவரமும் வரி விவரமும் படித்துப் பழகிய நமது இதழில், மொத்த வியாபாரி ஒருவன் சைக்கிள் மீட்டரைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இந்த விஷயம் தெரியாததால் என் கடையில் ஒரு மனிதருடைய படிக் காசில் நான் தவறாகக் கை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் கடை. இருபது வருடத்துக்கு மேலாக எங்களிடம் ஒருவர் லைன் போகிறார். செல்லூர், தத்தனேரி, ஆரப்பாளையம் பக்கத்துச் சில்லறைக் கடைகளில் ஆர்டர் எடுப்பதும் பாக்கி வசூலிப்பதும் அவர் வேலை. 28 அங்குலச் சக்கரம் வைத்த பழைய பெரிய சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார். மொபெட் வாங்கித் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சம்பளம் போகக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சைக்கிள் படி உண்டு. நாளைக்கு 17 கிலோமீட்டர் என்று அவர் எழுதுவார், நான் கொடுப்பேன். பல வருடங்களுக்கு முன் அவருடைய அக்காள் மகன் ஆட்டோவில் அதே வழியாக ஒருமுறை போய் மீட்டரைப் பார்த்து வந்த கணக்கு அது.

சென்ற வருடம் என் மகன் கடைக்கு வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் செல்போனில் ஏற்ற ஆரம்பித்தான். லைன்காரர் போனிலும், அவரிடம் சொல்லிவிட்டே, தூரம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். மாத முடிவில் பார்த்தால் நாளைக்கு 14 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நாளொன்றுக்கு 3 வீதம் 26 நாளைக்கு 78 கிலோமீட்டர் கூடுதல். “அப்பா, மேலே இருந்து செயற்கைக்கோள் பார்க்கிறது, அது பொய் சொல்லாது” என்றான். நானும் கழித்துக்கொண்டுதான் கொடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. “முதலாளி, ரோடு குறைஞ்சிருக்காது. அளக்கிறதுதான் குறைஞ்சிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, வசூல் பையை மேஜையில் வைத்து, சில்லறை வரைக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பையில் ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் சைக்கிள் கடையில் சக்கரத்தில் மாட்டும் மீட்டர் ஒன்று வாங்கி அவர் வண்டியில் பொருத்தச் சொன்னேன். அது என்ன சொல்லியது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இரண்டு வகையும் எப்படி அளக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சக்கரத்து மீட்டரில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. ஆரக்கம்பியில் சிறு காந்தம், முன் கவையில் ஒரு சென்சார். காந்தம் சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று என்று கணக்கு. சுற்றுகளின் எண்ணிக்கையைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் தூரம். ஒரு சுற்றுக்கு எத்தனை நேரம் ஆனது என்று பார்த்தால் வேகம். யோசனை மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் ரோமாபுரிக் கட்டிட வல்லுநர் வித்ருவியஸ், வண்டிச் சக்கரம் 400 முறை சுற்றினால் ஒரு கூழாங்கல் பெட்டியில் விழுகிற யந்திரத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கல்லை எண்ணினால் மைல் கணக்கு. சைக்கிளுக்கென்று 1895-ல் அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் என்பவர் சிறிய எண் மீட்டர் செய்தார். அவருடைய கம்பெனிதான் பின்னாளில் வீடர்-ரூட் என்று ஆகி, பெட்ரோல் பங்க்குகளில் லிட்டரும் ரூபாயும் உருண்டு ஓடுகிற எண் பெட்டியைச் செய்தது. நம்மில் வயதானவர்கள் அந்தப் பெயரைப் பங்க்கில் பார்த்திருக்கலாம்.

28 அங்குலச் சக்கரத்துக்குப் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 28-ஐ 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் சரியாக 88 அங்குலம். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். வகுத்தால் மீதியில்லாமல் 720 சுற்று. இப்படி அழகாக வரும் கணக்கு அபூர்வம். ஆனால் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. 88 அங்குலம் என்றால் 223 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 26 அங்குலச் சக்கரத்துக்கு இதே கணக்கில் 207 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். மீட்டருக்குள் எந்த அளவு எழுதியிருக்கிறதோ அதைத்தான் அது நம்பும். அது பொருந்தியிருக்கும் சக்கரம் எது என்று அதற்குத் தெரியாது.

ஜி.பி.எஸ். முற்றிலும் வேறு வழி. அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஏற்பாடு. பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், குறைந்தது 24 என்று திட்டமிட்டு, இன்று முப்பது அளவில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. என் மகன் சொன்னதுபோல் அவை நம்மைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் வானொலி போல ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். நம் போன் அதைக் கேட்கிறது. புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தொலைவு என்று கணக்கிடுகிறது. மூன்றின் தொலைவு தெரிந்தால் இடம் தெரியும். போனில் இருப்பது மலிவான கடிகாரம் என்பதால், அதன் பிழையைச் சரிக்கட்ட நான்காவதும் வேண்டும். இந்தச் சமிக்ஞை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே நேரத்தில் ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் இடத்தில் 3 கிலோமீட்டர் தவறிவிடும்.

நமது நாடும் 2013 முதல் 2016 வரை ஏழு செயற்கைக்கோள்களை அனுப்பி நாவிக் என்ற ஏற்பாட்டை அமைத்தது. முதலில் போனதில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகி, அதற்கு மாற்று அனுப்ப வேண்டியதாயிற்று. மற்ற பாகங்கள் நன்றாக இருந்தும் கடிகாரம் போனதால் அந்தக் கோள் இந்த வேலைக்கு உதவவில்லை. தராசில் முள் உடைந்த கதைதான்.

இன்னொரு செய்தி நம் வியாபாரிகளுக்கு ரசிக்கும். 2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் அளவுக்கு இடம் தவறும். ராணுவத்துக்கு அசல், ஜனங்களுக்குக் கலப்படம். அந்தக் கலப்பை நிறுத்திய பிறகுதான் சாதாரண மனிதர் கையில் ஜி.பி.எஸ். பயன்பட ஆரம்பித்தது. இன்று திறந்த வெளியில் நல்ல செல்போன் 5 மீட்டர் அளவுக்குள் இடத்தைச் சொல்கிறது.

பலர் கேட்கும் சந்தேகம் ஒன்று: ஜி.பி.எஸ். ஓடினால் நெட் காசு தீர்ந்துவிடுமா? தீராது. போன் கேட்பது மட்டுமே, அனுப்புவது எதுவும் இல்லை. வரைபடத்தை இறக்குவதற்கும், கணக்கைப் பிறர்க்கு அனுப்புவதற்கும், ஆரம்பத்தில் இடத்தைச் சீக்கிரம் பிடிப்பதற்கும்தான் நெட் பயன்படும். தீர்வது பேட்டரிதான். அந்தப் பேட்டரியில்தான் எங்கள் வழக்கின் முடிச்சும் இருந்தது.

இப்போது கதைக்கு வருகிறேன். புது மீட்டர் முதல் நாள் காட்டியது 15.8 கிலோமீட்டர். போன் 14, மீட்டர் 15.8, அவர் கணக்கு 17. மூன்று தராசில் மூன்று எடை! மகன் “பாருங்கள், இதிலும் 17 வரவில்லை” என்றான். எனக்கு உடனே கடைப் புத்தி வேலை செய்தது. தராசு புதிது என்பதற்காக எடை சரி என்று ஆகிவிடாதே, முத்திரை போட்டிருக்கிறதா என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்? மீட்டரோடு வந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கம்பெனியில் வைத்து அனுப்பிய அளவு 26 அங்குலச் சக்கரத்துக்கு உரியது, 207 சென்டிமீட்டர்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் லைன்காரரைச் சைக்கிளில் ஏறி உட்காரச் சொன்னேன். காற்றடிக்கும் வால்வு தரையை நோக்கி நேர் கீழே வரும்படி நிறுத்தி, அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு. ஆள் ஏறியபடியே நேராகத் தள்ளி, சக்கரம் ஐந்து சுற்று முடிந்து வால்வு மறுபடி கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் டேப்பை ஓட்டினால் 11 மீட்டர் 10 சென்டிமீட்டர். ஐந்தால் வகுத்தால் 222. ஆள் பாரத்தில் டயர் சற்று அமுங்குவதால் 223-க்கும் குறைந்திருக்கிறது. ஆகவேதான் ஆள் ஏறாமல் வெறும் வண்டியை உருட்டி அளப்பது சரியல்ல. காற்றும் வழக்கமாக அடிக்கும் அளவு இருக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் உருட்டினால் ஒரு விரற்கடை பிசகினாலும் முழுதாகப் பிசகும். ஐந்து சுற்று உருட்டினால் அந்தப் பிசகு ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

222 என்று மீட்டரில் மாற்றி வைத்தேன். அன்று மாலை 17.0 காட்டியது. மறுநாளும் அப்படியே. முந்தைய 15.8-ஐயும் 207-ஆல் வகுத்து 222-ஆல் பெருக்கிப் பாருங்கள், 17-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கழித்த பணத்தை அன்றே கொடுத்துவிட்டேன். அவர் எண்ணிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டார். வழக்கமாக எண்ணுகிறவர்.

அப்படியானால் செயற்கைக்கோள் ஏன் 14 என்றது? இதற்கு மூன்று காரணம் கண்டேன். முதலாவது, போன் வழி முழுவதையும் அளப்பதில்லை. இடையிடையே புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போடுகிறது. சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் விநாடிக்கு 4 மீட்டர். விநாடிக்கொரு புள்ளி வைத்தால் கவலையில்லை. ஆனால் அவர் போனில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு போட்டிருந்ததால், திரை அணைந்ததும் செயலி தூங்கித் தூங்கி விழித்திருக்கிறது. அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் நடுவில் 125 மீட்டர். செல்லூர்ப் பக்கம் 125 மீட்டருக்குள் இரண்டு சந்து திரும்பலாம். போனோ வீடுகளின் மேலே குறுக்கே பறந்ததாகக் கோடு போட்டிருக்கிறது. வளைந்து கிடக்கும் கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தால் முழு நீளம் வரும், முனைக்கு முனை அளந்தால் வராது.

இரண்டாவது, மாசி வீதிகள் போன்ற இடங்களில் இருபுறமும் மாடிக் கட்டிடம். சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது அதன் பயணம் நீண்டுவிடுகிறது, இடம் பிசகுகிறது. போனோ வசூல் பைக்குள், நோட்டுப் புத்தகத்துக்கு அடியில். மூன்றாவதை மகனே கண்டுபிடித்தான். நின்றால் கணக்கை நிறுத்திக்கொள்ளும் வசதி ஒன்று செயலியில் உண்டு. கூட்டத்தில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் அது நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வசதியை எடுத்துவிட்டாலும் தொல்லை. ஒரு கடையில் அரை மணி நேரம் நின்றால், நின்ற இடத்திலேயே புள்ளி அங்குமிங்கும் ஆடி, ஓடாத தூரத்தை ஓடியதாகச் சேர்த்துவிடும்.

இதைக் கேட்டு ஜி.பி.எஸ். உதவாது என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டின் தவறும் இரண்டு ஜாதி என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சக்கரத்து மீட்டரின் தவறு தேய்ந்த எடைக்கல்லின் தவறு போன்றது. ஒவ்வொரு தடவையும் ஒரே விகிதத்தில் குறையும் அல்லது கூடும். கல்லைச் சரிசெய்தால் தீர்ந்தது. ஜி.பி.எஸ். தவறு கையால் அள்ளிப் போடுகிறவன் தவறு. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், இடத்துக்கு இடம் மாறும். மேலூர் ரோடு போல வானம் திறந்த நீள ரோட்டில் போனைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனால், மீட்டரும் போனும் ஏறத்தாழ ஒத்தே காட்டுகின்றன. நானே போய்ப் பார்த்தேன். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லை வைத்தும் சரிபார்க்கலாம். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் என்றில்லாமல் ஐந்து கல் தூரமாவது போக வேண்டும்.

சக்கரத்து மீட்டருக்கும் குறை உண்டு. எவ்வளவு தூரம் என்று சொல்லுமே தவிர எங்கே போனது என்று சொல்லாது. ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாலும் கிலோமீட்டர் ஏறும். ஆளை நம்பாதவருக்கு அது உதவாது. காந்தம் நகர்ந்துவிட்டால் எண்ணிக்கை நின்றுவிடும். மழைக்காலத்தில் சேறு பட்டு ஆரக்கம்பியில் காந்தம் திரும்பிக்கொண்டதை நாங்களே பார்த்தோம். இப்போது காந்தமே இல்லாமல் சக்கர அச்சில் கட்டிவிடும் சென்சார் வருகிறது. சுற்றுவதைத் தானே உணர்ந்து ப்ளூடூத் மூலம் போனுக்கு அனுப்பும். உள்ளே நாணயம் போன்ற சிறு பேட்டரி. சில உயர்ந்த கருவிகள் திறந்த ரோட்டில் ஜி.பி.எஸ்.ஸை வைத்துச் சக்கர அளவைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு சந்துகளில் சக்கரத்தை நம்பி அளக்கின்றன. இரண்டும் சேர்ந்த இந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. விலைதான் நமக்கு ஒத்துவராது.

என் சொந்த அனுபவம் ஒன்று. எனக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னதால் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். நான் மீட்டரைக் காட்டி இத்தனை கிலோமீட்டர் என்று பெருமையாகச் சொன்னபோது அவர் அதைக் கேட்கவில்லை. எத்தனை நிமிடம், மூச்சு வாங்கியதா, நாடி எவ்வளவு ஏறியது என்றுதான் கேட்டார். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்றுதான் சொல்கிறது, கிலோமீட்டர் சொல்லவில்லை. ஆகவே உடம்புக்காக மிதிக்கிறவர்கள் தூரத்தில் நூறு மீட்டர் கூடியதா குறைந்ததா என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். கையிலுள்ள போன் போதும். காசு செலவழிக்க விருப்பமானால் மார்பில் கட்டும் நாடிப் பட்டையில் செலவழியுங்கள். மிதியை எண்ணும் சென்சாரும் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மிதி என்று காட்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கனத்து மிதிக்காமல் இலேசாக மிதித்துப் பழக அது உதவும் என்கிறார்கள். மழைக்காக வீட்டுக்குள் ஸ்டாண்டில் வைத்து மிதிப்பவர்களுக்குச் சென்சார் ஒன்றே வழி. வண்டி நகராதபோது ஜி.பி.எஸ்.ஸுக்கு நீங்கள் உட்கார்ந்திருப்பதாகத்தான் அர்த்தம். பந்தயக்காரர்கள் மிதிக்கும் பலத்தையே அளக்கும் கருவி வைத்துக்கொள்கிறார்கள். அதன் விலையில் நம் சைக்கிள் பல வாங்கலாம்.

கடைக்காரர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜி.பி.எஸ். செயலிகளில் பல, நாம் போன வழியை ஊருக்குக் காட்டுகிற சுபாவம் உடையவை. ஸ்ட்ராவா என்ற பெயர்பெற்ற செயலி, ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் போன பாதைகளையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் உலக வரைபடமாக வெளியிட்டது. ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்களில் ராணுவ முகாம்கள் அதில் வெளிச்சமாகத் தெரிகின்றன என்று 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். சிப்பாய்கள் முகாமுக்குள் ஓடிய ஓட்டம் அது. ராணுவத்துக்கே இந்தக் கதி. நம் வசூல்காரர் எந்தக் கிழமை எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு வருவார், முதலாளி கடை பூட்டிப் பணப்பையோடு எந்த வழியாக வீட்டுக்குப் போவார் என்பது மாதக்கணக்கில் பதிவாகி யார் கண்ணிலும் படும்படி இருந்தால் என்ன ஆகும்? செயலியில் ‘எனக்கு மட்டும்’ என்று வைக்கும் வசதி உண்டு. புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் மறைக்கும் வசதியும் உண்டு. முதல் நாளே வைத்துவிட வேண்டும். சக்கரத்து மீட்டரில் இந்தக் கவலையே இல்லை. அது யாரிடமும் பேசாது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். படிக் கணக்குக்கும் ஊருக்குள் சந்து பொந்தில் ஓடும் சைக்கிளுக்கும் சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒயர் மீட்டரே போதும். ஒயர் இல்லாதது பார்வைக்கு அழகு, ஆனால் பேட்டரி மாற்றும் வேலை இரட்டிப்பு. புதிய ஊருக்கு லைன் திறக்கிறவர்கள், எந்தத் தெருவில் எத்தனை கடை என்று வழியைப் பதிந்து வைக்க விரும்புகிறவர்கள் ஜி.பி.எஸ். வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கருவி வாங்காமல் போனிலேயே ஆரம்பியுங்கள். செயலிக்குப் பேட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்து, போனைப் பைக்குள் போடாமல் வானம் பார்க்க மாட்டி, புறப்படும் முன் ஒரு நிமிடம் வெட்டவெளியில் நின்று இடம் பிடித்த பிறகு கிளம்பினால் பாதித் தவறு போய்விடும்.

மீட்டர் வாங்குகிறவர்கள் டயர் மாற்றும் போதெல்லாம் மறுபடி உருட்டி அளக்க வேண்டும். எங்கள் லைன்காரர் இப்போது அதைத் தானே செய்கிறார். சென்ற மாதம் புது டயர் போட்டபோது 223 வந்தது என்று நோட்டில் எழுதி, “முதலாளி, இனிமே படி கொஞ்சம் கூடும்” என்று சிரித்தார். யாருக்காவது அளந்து பார்க்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு முன் சைக்கிளோடு நம் கடை வாசலுக்கு வரலாம். டேப்பும் சுண்ணாம்புக்கட்டியும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.